கொழும்பிலிருந்து ஐஸ்லாந்து: பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

ஐஸ்லாந்துப் பயணத்தில் முதலில் தீர்மானிக்க வேண்டியது மாதத்தை. இடங்களும் செலவும் அதைத் தொடர்ந்தே வரும். ஜூனில் தலைநகரான ரெய்க்யவிக்கில் சூரியன் நள்ளிரவை அண்டித்தான் மறைகிறது, முழு இருட்டு வருவதே இல்லை. டிசம்பர் பிற்பகுதியிலோ பகல் நான்கு மணித்தியாலங்களுக்குச் சற்றே மேல். ஆகவே இருண்ட வானில் மட்டுமே தெரியும் வடதுருவ ஒளியையும் நடுக்கோடையையும் ஒரே பயணத்தில் காண முடியாது. முதல் தடவையாகப் போகும் குடும்பத்துக்கு நான் செப்டெம்பரையே சொல்வேன்: பிரதான வீதிகளில் பொதுவாகப் பனி படிந்திருக்காது, இரவும் ஒளியைக் காணப் போதிய அளவு இருண்டிருக்கும்.

ஐஸ்லாந்து, பொது வீசா முறையுள்ள ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் வலயத்தைச் சேர்ந்தது. எனவே இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு ஷெங்கன் வீசாவும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஈடுசெய்யும் பயணக் காப்புறுதியும் தேவை. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி வாரம்வரை காத்திருக்க வேண்டாம். கட்டுநாயக்கவிலிருந்து நேரடி விமானம் இல்லை. பெரும்பாலும் வளைகுடா நகரமொன்றிலும் பின்னர் ஐரோப்பிய நகரமொன்றிலும் மாற வேண்டியிருக்கும். ஷெங்கன் வலயத்துக்குள் நுழையும் அந்த ஐரோப்பிய நகரத்திலேயே குடிவரவுச் சோதனை நடப்பதால், இரண்டு விமானங்களுக்கிடையே தாராளமாக நேரம் விடுவது நல்லது. லண்டன் ஊடாகச் செல்வோர் பிரித்தானிய இடைமாற்ற வீசா விதிகளைத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கெஃப்லவிக் விமான நிலையத்திலிருந்து தலைநகர் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். நாட்டில் புகையிரதமே கிடையாது. பஸ்ஸிலோ காரிலோதான் போக வேண்டும். ரெய்க்யவிக்கின் நடுப்பகுதியை நடந்தே பார்த்துவிடலாம். 1945இல் தொடங்கி 1986இல் கட்டி முடிக்கப்பட்ட ஹல்கிரிம்ஸ் தேவாலயத்தின் கோபுரத்துக்கு மின்தூக்கியில் ஏறினால் நகரம் முழுவதும் காலடியில் விரியும். 2011இல் திறக்கப்பட்ட ஹார்ப்பா இசை மண்டபத்தின் கண்ணாடி முகப்பு கடலோரத்தில் உள்ளது. இவற்றைவிட நான் முதலிடம் கொடுப்பது ஆதல்ஸ்ட்ரைட்டி தெருவின் நிலத்தடிக் கண்காட்சிக்கே. கி.பி. 871ஐ ஒட்டி விழுந்த எரிமலைச் சாம்பல் அடுக்குக்கும் கீழே கிடந்த சுவர்த் துண்டொன்றை அங்கே காணலாம். இத்தீவில் மனிதர் குடியேறியதற்கான மிகப் பழைய தடயங்களில் அதுவும் ஒன்று.

பொது நீச்சல் குளங்களுக்குப் போகாமல் திரும்பக் கூடாது. பூமிக்கடியிலிருந்து வரும் வெப்பத்தால் சூடேறிய, 38 முதல் 44 பாகை வரையிலான சிறு தொட்டிகளில் கழுத்தளவு நீரில் அமர்ந்து ஊர் மக்கள் அரசியல் பேசுவார்கள். ஆனால் ஒரு விதியை முன்னரே அறிந்திருக்க வேண்டும்: உடைமாற்றும் அறை வாசலிலேயே பாதணிகளைக் கழற்றிவிட்டு, நீச்சலுடை அணியுமுன் உடையெதுவுமின்றிச் சவர்க்காரமிட்டுக் குளிக்க வேண்டும். எந்தெந்த உறுப்புகளைக் கட்டாயம் கழுவ வேண்டுமென்று சிவப்பு நிறத்தில் குறித்த படம் சுவரில் ஒட்டியிருக்கும். நம்மவர்களுக்கு இது கூச்சமாக இருக்கலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் அறைகள் வேறு என்பதோடு, பல குளங்களில் திரையிட்ட குளியலிடமும் உண்டு. குளோரீன் குறைவாகச் சேர்ப்பதால் இவ்விதியில் விட்டுக்கொடுப்பே இல்லை. விடுதிக் குழாயில் சுடுநீர் கந்தகமாக மணப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். குளிர்நீரை அப்படியே குடிக்கலாம்.

நகருக்கு வெளியே முதல் நாளுக்குப் பொருத்தமானது 'பொன் வட்டம்' எனப்படும் சுற்று. 930இல் மக்கள் மன்றம் கூடிய திங்வெல்லிரில் வட அமெரிக்க, யுரேசியப் புவித்தட்டுகள் விலகிச் செல்லும் பிளவுகளுக்கிடையே நடக்கலாம். ஸ்ட்ரொக்கூர் வெந்நீரூற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை பீறிடும். நீல நிறக் குமிழொன்று உப்பி எழும் கணத்திலேயே கமெராவை அழுத்த வேண்டும். குல்ஃபொஸ் அருவி இரண்டு படிகளாக 32 மீற்றர் விழுகிறது. தென் கரையில் ஸெல்யலண்ட்ஸ்ஃபொஸ் அருவியின் பின்புறமாகச் சுற்றி வரலாம், தொப்பலாக நனைந்துகொண்டு. ரெய்னிஸ்ஃப்யாராவின் கருமணற் கரையில் மட்டும் காலிமுகத்திடலில் கால் நனைப்பதுபோல நினைத்துவிடக் கூடாது. முன்னறிவிப்பின்றி உயர்ந்து வரும் அலை ஆட்களை இழுத்துச் சென்று உயிர்களைப் பறித்திருக்கிறது.

தீவைச் சுற்றும் முதலாம் இலக்க வீதி 1,300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. ஒரு வாரத்தில் அதை முடிக்க முயல்பவர் காரின் கண்ணாடியைத்தான் பார்ப்பார். இலங்கையைப் போல ஒன்றரை மடங்கு பரப்புள்ள நாடு அது; தலைநகரில் தங்கித் தெற்கையும் மேற்கையும் பார்ப்பதே போதும். ரெய்க்யனெஸ் குடாநாட்டில் 2021 முதல் எரிமலை பலமுறை வெடித்திருப்பதால், அங்குள்ள புளூ லகூன் என்ற வெந்நீர்க் குளத்துக்கு முற்பதிவு செய்தவர்கள் போகும் நாளன்று அது திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உடையைப் பொறுத்தவரை நுவரெலியா சுவெட்டர் போதாது, குடையோ காற்றில் நிமிடத்தில் முறியும். உள்ளே கம்பளி, வெளியே நீர்புகா மேலுடை என்பதே முறை; பருத்தி நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரேற்றும். கார் ஓட்டுவோர் கொழும்பிலேயே சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றுக்கொள்வது நல்லது. அங்கே வலப்பக்கமாகவே ஓட்ட வேண்டும், பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும், வீதியை விட்டு விலகி ஓட்டுவது குற்றம். காரை நிறுத்தியதும் கதவை ஒரு கையால் இறுகப் பிடித்தபடியே திறக்க வேண்டும். காற்று பிய்த்தெறிந்த கதவுக்குச் சாதாரண வாடகைக் காப்புறுதி பெரும்பாலும் பணம் தராது.