திருச்சபை வாலிபர் கூட்டத்துக்குப் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு: பிள்ளைகளோடும் பெற்றோரோடும் பேசுவது எப்படி?

நான் பொறுப்பேற்ற முதல் வருடம், பாளையங்கோட்டையிலிருந்து பிள்ளைகளைக் குற்றாலத்துக்கு ஒருநாள் முகாம் கூட்டிப்போனோம். "சாயங்காலம் 6 மணிக்கெல்லாம் வந்துடுவோம்" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். வரும் வழியில் ஆலங்குளம் பக்கம் வேன் பஞ்சர். பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆலயத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டரை. வாசலில் நின்ற ஒரு அம்மா என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார். அந்தப் பிள்ளை அதற்கப்புறம் இரண்டு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை.

அந்தத் தவறிலிருந்து கற்றுக்கொண்டவை இவை.

படி 1: சரியான எண்ணை வாங்குங்கள்

விண்ணப்பத்தில் 'பெற்றோர் எண்' என்ற இடத்தில் பல பிள்ளைகள் தங்கள் எண்ணையே எழுதிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒருமுறை போன் செய்து, அம்மாவோ அப்பாவோ எடுக்கிறார்களா என்று பாருங்கள். முடிந்தால் வீட்டுக்கே ஒருநாள் போய் வாருங்கள். உங்கள் முகம் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

படி 2: இரண்டு வாட்ஸ்அப் குழு

பெற்றோருக்கு ஒன்று, அதில் பொறுப்பாளர்கள் மட்டும் செய்தி போடட்டும். இல்லையென்றால் 'குட்மார்னிங்' படங்களுக்கு நடுவே உங்கள் அறிவிப்பு தொலைந்துபோகும். பிள்ளைகளுக்கு இன்னொன்று. அதில் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்கள் இருக்க வேண்டும், ஒருவர் கட்டாயம் அக்காவாக இருக்கட்டும். இரவு 9 மணிக்கு மேல் எந்தப் பிள்ளைக்கும் தனியாகச் செய்தி அனுப்பாதீர்கள். இந்த ஒழுங்குகளை முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 3: அறிவிப்பை இப்படி எழுதுங்கள்

"ஸ்தோத்திரம். வரும் சனிக்கிழமை குற்றாலத்தில் வாலிபர் முகாம். காலை 7 மணிக்கு ஆலய வாசலிலிருந்து வேன் புறப்படும். திரும்பி வர இரவு 7 மணி ஆகும். தாமதமானால் இதே குழுவில் சொல்வோம். கட்டணம் 250 ரூபாய். கூட வருவது இரண்டு அண்ணன்மார், இரண்டு அக்காமார். மாற்றுத்துணியும் துண்டும் கொடுத்து அனுப்புங்கள்."

திரும்பும் நேரமும் கூட வருபவர்கள் யார் என்பதும் இல்லாத அறிவிப்பைப் பெற்றோருக்கு அனுப்பவே கூடாது.

படி 4: பிள்ளைகள் சொல்வதைக் கேளுங்கள்

"ஏன் போன வாரம் வரல?" என்று எல்லார் முன்னாலும் கேட்டால் அந்தப் பிள்ளை அடுத்த வாரமும் வராது. கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். "மேத்ஸ் டெஸ்ட் எப்படிடா போச்சு?" என்று ஆரம்பியுங்கள். வேலை செய்துகொண்டே பேசும்போது முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை, வாய் தானாகத் திறக்கும். பதிலுக்கு உடனே வசனம் சொல்லாதீர்கள். முழுவதும் கேட்டுவிட்டு, "சேர்ந்து ஜெபிக்கலாமா?" என்று கேளுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளைப் பொதுத்தேர்வு நேரத்தில் கூட்டத்துக்கு வற்புறுத்தவே வேண்டாம்.

படி 5: 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள்

"உனக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்வேன்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆயரிடம் மட்டும் சொல்லிவிட்டு, சபைக்குள்ளேயே பேசி முடிப்பது கூடாது. சிறார் உதவி எண் 1098 உங்கள் போனில் இருக்கட்டும். மற்றபடி, நண்பனோடு சண்டை, மதிப்பெண் கவலை போன்றவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

படி 6: நல்ல செய்திக்கும் போன் செய்யுங்கள்

போன மாதம் ஒரு தம்பி முதன்முதலாகக் கூட்டத்தில் ஜெபம் செய்தான். அன்று இரவே அவன் அம்மாவுக்குப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டதும், "என்ன பண்ணினான் ஐயா?" என்று பதறினார். விஷயத்தைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அவங்க அப்பாகிட்ட கொடுக்கிறேன், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.