பூனைக்குக் காய்ச்சல் போலிருக்கிறதா? மாத்திரை டப்பாவை எடுக்காதீர்கள்

பூனையோ நாயோ சோர்ந்து படுத்திருக்கும், தொட்டுப் பார்த்தால் காது சுடும், உடனே நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலில் பாதியை உடைத்துக் கொடுத்துவிடத் தோன்றும். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். இரண்டுக்குமே இயல்பான உடல் சூடு ஏறத்தாழ 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல் என்று சொல்லும் சூடு அவற்றுக்குச் சாதாரணம். மூக்கு காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் உதவாது.

அதனால் முதலில் அளந்து பாருங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை அதற்கென்றே தனியாக வைத்துக்கொண்டு, நுனியில் வாஸ்லின் தடவி, வாலை மெல்லத் தூக்கி, ஆசனவாயில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே விட்டு, பீப் சத்தம் வரும்வரை பிடித்திருங்கள். தலைப்பக்கம் ஒருவர் அணைத்துப் பிடித்துப் பேசிக்கொண்டே இருந்தால் சுலபம். ரொம்பத் திமிறினால் விட்டுவிடுங்கள், மருத்துவர் பார்த்துக்கொள்வார். 103-ஐத் தாண்டினாலோ 99-க்குக் கீழே போனாலோ அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும், சூடு குறைவதும் ஆபத்துதான். அப்புறம், சூடு சரியாக இருந்தாலும் பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும்.

பாராசிட்டமாலைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அதை உடைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் கல்லீரலால் சரியாகச் செய்ய முடியாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும், ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒன்று போதும், உயிர் போய்விடும். ஐபுப்ரோஃபென் நாய்க்கு வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் கொண்டுவரும். பெர்மெத்ரின் கலந்த, நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவினால் நடுக்கம், வலிப்பு.

சரி, ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதா? அறிகுறி வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எழுதிக்கொண்டு, மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற விஷமுறிவு மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால்தான் முழுப் பலன். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள், ரத்தத்தில் உப்பு ஏறி அதுவே கொன்றுவிடலாம்.

போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். நாய்க்குக் கடும் வாந்திபேதியைக் கொண்டுவரும் பார்வோ போன்ற வைரஸை அது கொல்லாது; மருத்துவர் கொடுத்தால் கூடவே வரும் பாக்டீரியாத் தொற்றுக்காகக் கொடுப்பார். இஷ்டத்துக்குக் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும், அந்தக் கிருமிகள் நமக்கும் தொற்றலாம். மருத்துவரே டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதியிருந்தால், பூனைக்குக் கொடுத்த கையோடு ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்து மில்லி தண்ணீரை வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், இல்லாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும்.

இன்னொன்று, திட்டுவாரோ என்று பயந்து வீட்டில் கொடுத்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நீங்கள் ஐபுப்ரோஃபென் போன்ற ஒரு வலி மாத்திரை கொடுத்திருப்பது தெரியாமல் அவர் ஸ்டீராய்டு ஊசி போட்டால், இரண்டும் சேர்ந்து வயிற்றையும் குடலையும் ஓட்டையாக்கிவிடக்கூடும்.