ஒரே பாதையில் விரைவு வண்டியும் நின்று செல்லும் வண்டியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புறநகர் ரயிலில் தினமும் போய் வருகிறவர்களிடம் கேட்டால், நடுவில் பத்து ஸ்டேஷனை விட்டுவிட்டுப் போகும் விரைவு வண்டி ஒன்று வேண்டும் என்பார்கள். நியாயமான ஆசைதான். வேகம் குறைவது, கதவு திறந்து மூடுவது, மறுபடி வேகம் பிடிப்பது எல்லாம் சேர்ந்து ஒரு நிறுத்தத்துக்கு ஒரு நிமிடமாவது போய்விடும். பத்து நிறுத்தத்தை விட்டால் பத்து நிமிடம் மிச்சம். ஆனால் போக ஒன்று, வர ஒன்று என்று இரட்டைப் பாதை மட்டுமே இருக்கும் இடத்தில், அந்தப் பத்து நிமிடத்துக்கு மற்ற வண்டிகளில் இருப்பவர்கள் விலை கொடுக்கிறார்கள். இந்தக் கணக்கைப் பார்க்காமல் திட்டம் போடுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

வண்டியின் வேகத்தை மட்டும் பார்ப்பது முதல் தவறு. ஒரு பாதையில் எத்தனை வண்டி விடலாம் என்பதைத் தீர்மானிப்பது வேகம் அல்ல, வண்டிகளுக்கு இடையே உள்ள வேக வித்தியாசம். இரண்டு வண்டிகளுக்கு நடுவே குறைந்தது 3 நிமிட இடைவெளி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே நின்று செல்லும் வண்டிகள் என்றால் மணிக்கு 20 வண்டி ஓடும். இப்போது ஒன்றுவிட்டு ஒன்றை விரைவு வண்டியாக மாற்றுகிறோம். கடைசி ஸ்டேஷன் போய்ச் சேர அதற்கு 10 நிமிடம் குறைவாக ஆகிறது, வழியில் முந்த இடம் கிடையாது. நின்று செல்லும் வண்டி 8:00 மணிக்குப் புறப்பட்டால், அந்த 10 நிமிடமும் 3 நிமிட இடைவெளியும் சேர்த்து, விரைவு வண்டியை 8:13-க்கு முன்னால் விட முடியாது. விட்டால் முன்னால் போகும் வண்டியை எட்டிப் பிடித்து, சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்றுதான் போகும். அடுத்த நின்று செல்லும் வண்டி 8:16-க்கு. ஆக 16 நிமிடத்துக்கு இரண்டே வண்டி. மணிக்கு 20 ஓடிய இடத்தில் இப்போது ஏழோ எட்டோதான்.

இரண்டு நின்று செல்லும் வண்டி, அவற்றின் பின்னால் இரண்டு விரைவு வண்டி என்று கொத்தாக விட்டால் 22 நிமிடத்துக்கு 4 வண்டி தேறும். ஆனால் நடு ஸ்டேஷனில் காத்திருப்பவருக்கு 3 நிமிட இடைவெளியில் இரண்டு வண்டி வரும், அப்புறம் 19 நிமிடத்துக்கு ஒன்றும் வராது. அட்டவணையில் மணிக்கு இத்தனை வண்டி என்று அழகாக எழுதியிருக்கும். நடைமேடையில் நிற்பவரின் அனுபவம் வேறு.

சரி, நடுவில் ஒரு ஸ்டேஷனில் லூப் லைன், அதாவது ஒரு வண்டி ஒதுங்கி நிற்கப் பக்கத்தில் பிரியும் பாதை, போட்டு முந்த விட்டால்? நிலைமை நன்றாகவே மாறும். பாதி வழியில் ஒரே ஓர் இடத்தில் முந்த முடிந்தாலும், மேலே சொன்ன அதே கணக்கில் இரண்டு வண்டிக்கு ஆகும் 16 நிமிடம் 11 ஆகக் குறைகிறது. ஆனால் அங்கே ஒதுங்கும் வண்டி சும்மா 6 நிமிடம் நிற்கும்: தான் வந்த 3 நிமிடம் கழித்து விரைவு வண்டி கடக்கும், அது கடந்து 3 நிமிடம் கழித்துத்தான் தான் கிளம்ப முடியும். விரைவு வண்டியில் இருப்பவருக்கு 10 நிமிடம் மிச்சம். ஒதுங்கிய வண்டியில் இருப்பவருக்கு 6 நிமிடம் நஷ்டம்; கூடவே, முன்பு 3 நிமிடத்துக்கு ஒன்று வந்த வண்டி இப்போது 11 நிமிடத்துக்கு ஒன்று. எந்த வண்டியில் எத்தனை பேர் என்று எண்ணாமல் இது லாபமா என்று சொல்லவே முடியாது.

லூப் லைனை நிலம் கிடைத்த இடத்தில் போடுவது இதையொட்டி வரும் தவறு. நின்று செல்லும் வண்டியை விரைவு வண்டி எட்டிப் பிடிக்கும் இடம் அட்டவணையை வரைந்து பார்த்தால் தெரியும். லூப் அங்கேதான் வேண்டும். தள்ளி இருந்தால் பலன் குறைந்துவிடும். சான்பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேவுக்கும் இடையே ஓடும் கால்ட்ரெய்ன், 2004-இல் விரைவு வண்டிகளைத் தொடங்கும்போது பேஷோர், லாரன்ஸ் ஸ்டேஷன்களில் முந்துவதற்கென்றே கூடுதல் பாதைகளைப் போட்டுக்கொண்டது. இன்னொன்று, வண்டியை லூப்புக்குள் திருப்பிவிடும் தண்டவாளப் பிரிவான பாயிண்ட்டின் வேக வரம்பு. அது மிகக் குறைவாக இருந்தால், ஒதுங்கப் போகும் வண்டி ஊர்ந்து ஊர்ந்து உள்ளே போய், பின்னால் வருகிற விரைவு வண்டிக்கு முதன்மைப் பாதையையே மறித்துவிடும்.

கூட்டம் எப்படிப் பிரியும் என்பதைத் தப்பாகக் கணிப்பதும் நடக்கிறது. சியோல் மெட்ரோவின் 9-ஆம் பாதை 2009-இல் திறந்தபோதே இரட்டைப் பாதையில் விரைவு வண்டியையும் சாதாரண வண்டியையும் சேர்த்து, சில ஸ்டேஷன்களில் முந்தும் வசதியோடு ஓட்டியது. பொறியியலில் அது நல்ல வேலை. ஆனால் ஓடியவை 4 பெட்டி வண்டிகள். எல்லோரும் விரைவு வண்டியில்தான் ஏறினார்கள், நெரிசல் தாங்க முடியாத அளவுக்குப் போனது. பிறகு வண்டிகளை 6 பெட்டியாக நீட்டினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, கூட்டம் கூடினால் கதவு மூட நேரமாகும், நிற்கும் நேரம் கூடும், மிச்சப்படுத்திய நிமிடங்கள் அங்கேயே கரையும். எனவே விரைவு வண்டியின் நீளத்தையும் கதவு அகலத்தையும் முதல் நாளே யோசிக்க வேண்டும்.

பல இடங்களில் இதைவிட நல்ல வழி, நின்று செல்லும் வண்டியையே துரிதப்படுத்துவது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சட்டென்று வேகம் பிடிக்கும் வண்டி, அகலமான கதவுகள், பெட்டியின் தரைமட்டத்துக்கு உயர்ந்த நடைமேடை. ஒரு நிறுத்தத்துக்கு 20 விநாடி குறைந்தால் 15 நிறுத்தத்தில் 5 நிமிடம் மிச்சம், அதுவும் எல்லோருக்கும். வேக வித்தியாசமும் குறைவதால், பின்னால் ஒரு விரைவு வண்டி விட்டாலும் பாதை தாங்கும்.

நான்கு பாதை கிடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். டோக்கியோவின் ஓடாக்யூ ரயில்வே, யோயோகி-உஎஹாராவிலிருந்து நொபொரிட்டோவரை நான்கு பாதை வேலையை முடித்து 2018 மார்ச்சில் புதிய அட்டவணை போட்டபோது, காலை நெரிசல் நேரத்தில் மணிக்கு 27 ஆக இருந்த வண்டிகள் 36 ஆயின. ஆனால் நான்கையும் எப்படி அடுக்குவது என்பதில் தவறலாம். நியூயார்க்கில் 1904-இல் திறந்த சுரங்க ரயிலில் நடு இரண்டு பாதை எக்ஸ்பிரஸுக்கு, ஓரத்து இரண்டும் லோக்கலுக்கு. எக்ஸ்பிரஸ் நிற்கும் ஸ்டேஷன்களில் ஒரே நடைமேடையின் இரு பக்கமும் ஒரே திசையில் போகும் வண்டிகள் நிற்பதால், நாலு எட்டு நடந்தால் வண்டி மாறலாம். மும்பை புறநகர் ரயிலில் ஸ்லோவுக்கு ஒரு ஜோடி, ஃபாஸ்டுக்கு ஒரு ஜோடி. மாறுவதற்குப் பெரும்பாலும் நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். ஸ்லோ வண்டிகளை நடுவிலேயே திருப்பி அனுப்ப இந்த அமைப்பு வசதிதான். ஆனால் மாறுகிறவர்களின் கூட்டத்தைப் பாலம் தாங்குமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். ஒரு ஜோடியிலிருந்து இன்னொன்றுக்கு வண்டி தரைமட்டத்தில் குறுக்கே கடந்தால், எதிர்த்திசை வண்டியும் காத்து நிற்கும்.

ஸ்டேஷன்களை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து, ஒரு வண்டி ஒரு பாதியிலும் அடுத்தது மறு பாதியிலும் நிற்கும் முறையும் உண்டு. சிகாகோவில் 1948 முதல் 1995 வரை 'ஏ' வண்டி, 'பி' வண்டி என்று இப்படி ஓட்டினார்கள். கூட்டமும் வண்டிகளும் நிறைய இருக்கும்வரை சரி. சிறு ஸ்டேஷன்களில் இரண்டில் ஒரு வண்டிதான் நிற்கும் என்பதால், வண்டி குறைந்தால் அங்கே காத்திருப்பு மிகவும் நீண்டுவிடும்.

தாமதமாகும் நாளில் எப்போதும் விரைவு வண்டிக்கே முன்னுரிமை என்பது இன்னொரு தவறு. ஏற்கெனவே 4 நிமிடம் தாமதமான வண்டியை ஒதுக்கி நிறுத்தினால் அது 10 நிமிடத் தாமதமாகும். முனையத்தில் திரும்பி எதிர்த்திசையிலும் தாமதமாகவே புறப்படும். எத்தனை நிமிடம் தாமதமானால் யார் முன்னால் போவது என்பதை அமைதியான நேரத்தில் தீர்மானித்து, கட்டுப்பாட்டு அறைக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தாமதத்தை ஈடுகட்டும் நிமிடங்களையும் கடைசி ஸ்டேஷனில் வைக்காமல், முந்தும் ஸ்டேஷனுக்கு முன்னால் வைத்தால்தான் ஒருவர் தாமதம் அடுத்தவர் தலையில் விழாது.

கடைசி நிமிடத்தில் நடைமேடையை மாற்றி அறிவிப்பதை நான் மன்னிக்க முடியாத தவறாகவே பார்க்கிறேன். நூற்றுக்கணக்கானவர்கள் படிக்கட்டில் முண்டியடிப்பார்கள், சிலர் தண்டவாளத்தில் இறங்குவார்கள், அதே நேரத்தில் நிற்காத வண்டி ஒன்று அந்த ஸ்டேஷனைக் கடந்துகொண்டிருக்கும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் வண்டியை இரண்டு நிமிடம் கூடுதலாக நிறுத்தி, அப்படி நிற்கும் என்பதையும் சேர்த்து அறிவிக்க வேண்டும். பெயர்ப்பலகையில் வெறுமனே 'விரைவு' என்று போட்டாலும் போதாது. எந்த ஸ்டேஷன்களில் நிற்காது என்பது நடைமேடையில் தெரிய வேண்டும், கதவு மூடுவதற்கு முன் பெட்டிக்குள்ளும் ஒலிக்க வேண்டும். தெரியாமல் ஏறிவிட்டவர்கள், தங்கள் ஸ்டேஷனில் வண்டி மெதுவாகப் போகிறதே என்று குதிக்கவே கூடாது. அடுத்து நிற்கும் ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வரலாம், அப்படி வர எந்த நடைமேடைக்குப் போக வேண்டும் என்பதையும் அதே அறிவிப்பில் சொல்லிவிடலாம்.