ஒன்பதாம் வகுப்பைக் கிராம சபைக்கு அழைத்துப் போகும் முறை

முதலில் தேதி. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச்சில் தேர்வு நெருக்கடி, மே மாதம் கோடை விடுமுறை. ஆகஸ்ட் 15தான் தோது. கொடியேற்றத்துக்குப் பிள்ளைகள் எப்படியும் பள்ளிக்கு வருவார்கள். சபை பெரும்பாலும் அதன் பிறகே தொடங்கும். இடத்தையும் நேரத்தையும் ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே கேட்டு, பெற்றோர் ஒப்புதலும் வாங்கிவிடுங்கள். நகரத்துப் பள்ளிகளுக்கு, கிராம சபையைப் போல நகர்ப்புறத்தில் கூடும் பகுதி சபை இருக்கிறது. தயாரிப்பு ஏறக்குறைய இதேதான்.

இரண்டு வாரம் முன்பே ஐந்தைந்து பேராகப் பிரித்துத் தெருக்களுக்கு அனுப்புங்கள். ஒரு குழுவுக்கு ஒரே பிரச்சினை. "எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை" என்று எழுதி வந்தால் திருப்பிக் கொடுங்கள். எந்தக் கம்பம், அதன் எண் என்ன, எத்தனை நாளாக எரியவில்லை, பல்பு போயிருக்கிறதா அல்லது கம்பமே பழுதா? பல்பு ஊராட்சியின் வேலை, கம்பமும் மின்கம்பியும் மின்வாரியத்தின் வேலை. பெரும்பாலான மனுக்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. பட்டா வருவாய்த் துறைக்கு, பேருந்து போக்குவரத்துக் கழகத்துக்கு, ரேஷன் கடை உணவு வழங்கல் துறைக்கு என்று கரும்பலகையில் எழுதிப் பிரித்துக் காட்டுங்கள். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, ஊருக்குள் இருக்கும் சாலை ஆகியவை ஊராட்சியின் பொறுப்பு. மனு அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் கிராம சபை உறுப்பினர். ஆகவே மாணவர்கள் பார்வையாளர்கள் மட்டுமே. மனுவை ஒரு பெற்றோர் எழுந்து வாசிக்கட்டும். இதைவிட முக்கியம், வருகைப் பதிவேட்டில் மாணவர்கள் கையெழுத்துப் போடக் கூடாது. கூட்டம் குறைவாக இருக்கும்போது "தம்பி, நீயும் ஒரு கையெழுத்துப் போடுப்பா" என்று நோட்டை நீட்டுவார்கள். குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, நிறைவேறியதாகக் காட்டத்தான் அது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். இரண்டு மாணவர்களிடம் தலை எண்ணும் வேலையைக் கொடுங்கள், அதில் பெண்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து.

மற்றவர்கள் கவனிக்க வேண்டியது வரவு செலவு. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் காட்டும் படிவம் 30 வைக்கப்பட்டிருக்கிறதா, வாசிக்கப்பட்டதா? இதற்கு முந்தைய வாரமே ஒரு மாதிரிப் படிவத்தை வகுப்பில் போட்டுப் பழக்குங்கள். வீட்டு வரி எவ்வளவு வந்தது, மின்கட்டணத்துக்கு எவ்வளவு போனது என்று பார்க்கத் தெரியாத பிள்ளைக்குச் சபையில் வெறும் சத்தம்தான் கேட்கும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளில் நிர்வாகம் தனி அலுவலரிடம் இருக்கும். தலைவர் நாற்காலியில் அதிகாரி இருப்பது ஏன் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், பதிலோடு போங்கள்.

தீர்மானங்களைக் கூட்டத்திலேயே எழுதி, வாசித்து, அதன் பிறகு கையெழுத்து வாங்குவதுதான் முறை. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கினால், அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கேயே வாக்குவாதம் வேண்டாம். தங்கள் மனு தீர்மானமானால் அதன் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் கழித்து அந்த எண்ணை வைத்துத்தான் நகல் கேட்க முடியும். நகல் வந்ததும் மூன்று கேள்விகள்: எந்த நிதியிலிருந்து, மதிப்பீடு போட்டாயிற்றா, வேலை எப்போது? பதில் இல்லையென்றால் அக்டோபர் 2 சபையில் அதே பெற்றோர் அதே எண்ணைச் சொல்லிக் கேட்கட்டும்.