அட்மிட்டா, அப்சர்வேஷனா? முதல் நாளே கேளுங்கள்

அப்பா, அம்மாவை கிரீன் கார்டில் அமெரிக்காவுக்கு அழைத்து வந்தவர்கள் பலர், 65 வயதானால் அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. இங்கே வேலை பார்க்காத பெற்றோர், கிரீன் கார்டு வாங்கித் தொடர்ந்து 5 ஆண்டுகள் இங்கேயே வசித்த பிறகுதான் பிரீமியம் கட்டிச் சேர முடியும். விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு அது கிடையாது.

மெடிகேர் உள்ள அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்று வையுங்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்ப முடியாத நிலையில், தினமும் பிசியோதெரபி கொடுக்கும் நர்சிங் ஃபெசிலிட்டிக்கு அனுப்புவார்கள். அந்தச் செலவை மெடிகேரின் மருத்துவமனைப் பிரிவான 'பார்ட் ஏ' ஏற்க வேண்டுமென்றால், அதற்குமுன் மருத்துவமனையில் தொடர்ந்து 3 நாள் 'இன்பேஷன்ட்'டாக, அதாவது முறைப்படி அட்மிட் ஆனவராக, இருந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாள் கணக்கில் சேராது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அதே வார்டு, அதே கட்டில், கையில் அதே டிரிப்ஸ். ஆனால் ஃபைலில் 'அப்சர்வேஷன்' (அட்மிட் செய்யாமல் கண்காணிப்பில் வைத்திருப்பது) என்று இருந்தால் அந்த நாட்கள் செல்லாது. திங்கள் இரவு எமர்ஜென்சிக்குப் போய், செவ்வாய் முழுக்க அப்சர்வேஷனில் இருந்து, புதன் காலை அட்மிட் ஆகி, வெள்ளி டிஸ்சார்ஜ் என்றால் கணக்கு 2 நாள்தான். அப்புறம் நர்சிங் ஃபெசிலிட்டியின் முழு பில்லும் உங்கள் தலையில்.

அதனால் தினமும் டாக்டரிடமோ கேஸ் மேனேஜரிடமோ கூச்சப்படாமல் கேளுங்கள்: "அம்மா இன்பேஷன்ட்டா, அப்சர்வேஷனா?" அப்சர்வேஷன் 24 மணி நேரத்தைத் தாண்டினால் அதைச் சொல்லும் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து கேட்பார்கள். படித்துவிட்டுப் போடுங்கள். தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் பிளான் என்றால் இந்த 3 நாள் விதி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் முன் அனுமதி கேட்பார்கள்.

சரி, நர்சிங் ஃபெசிலிட்டிக்குள் போயாயிற்று. முதல் 20 நாள் இலவசம். 21 முதல் 100 வரை நாளுக்கு ஒரு தொகை நம் பங்கு; 2025இல் அது 209.50 டாலராக இருந்தது. அதற்குமேல் மெடிகேர் தராது. குளிப்பாட்ட, சாப்பாடு கொடுக்க மட்டுமே ஆள் தேவை என்றால் முதல் நாளிலிருந்தே தராது.

"அம்மாவிடம் முன்னேற்றம் இல்லை, இனி கவரேஜ் கிடையாது" என்று அங்கே சொன்னால் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். இருக்கும் நிலை மோசமாகாமல் காப்பாற்றத் தேர்ந்த நர்சோ தெரபிஸ்டோ தேவைப்பட்டால் கவரேஜ் உண்டு. 2013இல், அரசுக்கு எதிரான ஜிம்மோ வழக்கின் சமரசம் இதைத் தெளிவாக்கியது. நிறுத்தப்போவதாக வரும் நோட்டீஸிலேயே அப்பீல் எண் இருக்கும். கவரேஜ் முடிவதற்கு முந்தைய நாள் நண்பகலுக்குள் அதற்குப் போன் செய்துவிடுங்கள்.