வளவுக்க கிடந்த துவக்கு ரவையைக் கையில எடுத்துப் போட்டியளோ? இனிச் செய்ய வேண்டியது

"கண்டா தொடாதேங்கோ" எண்டது எங்களுக்குப் புதுசில்லை, பள்ளிக்கூடத்துக்கு வந்து படம் காட்டி, மண்டையோடு போட்ட போஸ்டரும் ஒட்டிப்போட்டுப் போனவை, நாங்களும் பாத்து வளந்தனாங்கள்தான். ஆனா தொட்டாப் பிறகு என்ன செய்யிறது எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. நான் பாத்த அளவில முதல் பிழையில காயப்பட்ட ஆக்கள் குறைவு, அதை மறைக்கப் போய், இல்லாட்டி தாங்களே சரிக்கட்டப் போய்ச் செய்யிற ரெண்டாவது பிழையிலதான் கையும் கண்ணும் போறது.

எங்கட வலிகாமம் வடக்குக் காணி 1990இல விட்டிட்டு ஓடினது, கன வருசம் ஆமியின்ர உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள கிடந்து பேந்துதான் விட்டவங்கள், போய்ப் பாத்தா வீடெண்டு ஒண்டுமில்லை, பத்தையும் வடலியும்தான். துப்பரவாக்கி காவோலையும் கிளுவையும் குவிச்சு கோடிப்பக்கம் கொளுத்தினம். பத்து நிமிசம் போகேல்லை, 'டப்' எண்டு ஒண்டு, பேந்து அடுத்தடுத்து ரெண்டு. மூங்கில் வெடிக்குது எண்டார் மாமா. வளவில மூங்கிலே இல்லை. அம்மா வாளித் தண்ணியோட நெருப்புக்கு ஓடினவ, நான் கையில பிடிச்சு இழுக்க வாளி அங்கயே விழுந்திட்டுது. அடுத்த நாள் பொலிஸ் வந்து பாக்கேக்க அந்த வாளியின்ர பக்கத்தில நகத்தளவு ரவைக் கோதுத் துண்டு ஒண்டு ஏறிக்கிடந்தது, ஓரம் பிளேட் மாதிரி.

அம்மா செய்யப் போனதுதான் எல்லாரும் செய்யிறது, அதால நெருப்பில இருந்தே தொடங்கிறன். ரவை துவக்குக் குழலுக்குள்ள இருந்தாத்தான் முன்னுக்கிருக்கிற சன்னம் தூரம் போகும், நெருப்புக்குள்ள சும்மா கிடந்து சூடேறினா கோது பிளந்து, அந்தத் துண்டும், அடியில இருக்கிற, தட்டினா நெருப்புப் பிடிக்கிற கேப்பும்தான் கூட வேகமாப் பறக்கும். வீட்டுச் சுவர் துளைக்காது, ஆனா கண்ணுக்கு அது காணும். இது சின்ன ரவைக்கு மட்டும் சொன்ன கதை, குப்பைக்குள்ள கைக்குண்டோ செல்லோ கிடந்தா இந்தக் கணக்கொண்டும் சரிவராது, குவியலுக்கு அடியில என்ன கிடக்கு எண்டு உங்களுக்குத் தெரியவும் தெரியாது. அதால சத்தம் கேட்டவுடன நெருப்பை விட்டிட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு சீமெந்துச் சுவருக்கு அங்கால போங்கோ, தண்ணி ஊத்தவும் வேண்டாம், எது வெடிச்சது எண்டு எட்டிப் பாக்கவும் வேண்டாம். நெருப்பு நூந்தாப் பிறகும் சாம்பலைக் கிண்டாதேங்கோ, வெடிக்காமல் பாதி வெந்து கிடக்கிறதும் அதுக்குள்ள இருக்கும்.

சரி, கையில எடுத்திட்டியள். எறியாதேங்கோ, பயத்தில முதல் வாறது எறியிற நினைப்புத்தான். நிண்ட இடத்திலேயே குனிஞ்சு, திருப்பாமல் பிரட்டாமல் மெல்ல நிலத்தில வைச்சிட்டு, வந்த காலடியைப் பாத்து அதே வழியால பின்னுக்குப் போங்கோ. "எடுத்த குழியிலயே வைப்பம்" எண்டு திரும்ப நடக்க வேண்டாம், ஒண்டு கிடந்த இடத்தில இன்னொண்டும் கிடக்கும். தூரத்தில வந்து நிண்டு ஒரு கொப்பையோ உடைஞ்ச கதிரையையோ அடையாளத்துக்கு வைச்சிட்டு பொலிசின்ர 119க்கு அடியுங்கோ. ஃபோட்டோ வேணுமெண்டா தூர நிண்டு சூம் பண்ணி எடுங்கோ, கிட்டப் போய் செல்ஃபி எடுத்த பொடியளையும் கண்டிருக்கிறன். பேந்து கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ, பழைய ரவையில ஈயமும் இருக்கும், பச்சைக் களிம்பும் இருக்கும்.

வீட்டுக்கே கொண்டுவந்து அலுமாரிக்கு மேல வைச்சாச்செண்டா இன்னொருக்கா அதை அசைக்கக் கூடாது. அறையைப் பூட்டி, பிள்ளையளை வெளிய அனுப்பிப்போட்டு அறிவியுங்கோ. ஓட்டோவில ஏத்திக்கொண்டு பொலிசுக்குக் குடுக்கப் போறது நல்ல பிள்ளைத்தனம் மாதிரித்தான் இருக்கும், ஆனா ரோட்டுக் குழி ஒவ்வொண்டுக்கும் மடியில சாமான் துள்ளும். அவை வந்து பாத்து, நீதிமன்ற அனுமதி எடுத்து, விசேட அதிரடிப்படையோ ஆமியோ வந்து அழிக்கிறதுதான் இங்க வழக்கம், ஒரு நாள் ரெண்டு நாள் இழுபடும், அதுவரைக்கும் அந்தப் பக்கம் போகாதேங்கோ.

இதில ஒரு பயம் இருக்கு, எனக்கும் இருந்தது. "எங்கால வந்தது, ஆர் வைச்சது" எண்டு கேப்பினம், பேரை எழுதுவினம் எண்டுதான் எங்கட சனம் இரவோட இரவா பக்கத்து வெறுங்காணிக்குள்ள எறியிறது. அந்தப் பயத்தைப் பகிடி பண்ண மாட்டன், அதுக்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். ஆனா வெடிபொருளை வைச்சிருக்கிறது குற்றம், கண்டவுடன அறிவிச்சா அது வைச்சிருந்த கதை இல்லை, கண்ட கதை. தனியப் பயமெண்டா முதல்ல விதானைக்குச் சொல்லுங்கோ, அயலட்டையில ரெண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ, கோல் எடுத்த நேரத்தைக் குறிச்சு வையுங்கோ.

தண்ணிக்க போட்டா செத்திடும் எண்டது பெரிய பொய். ஆமிக்கெண்டு செய்யிற ரவையில கேப்பையும், சன்னம் இறங்கிற கோதின்ர வாயையும் ஈரம் போகாமல் அரக்குப் பூசி அடைச்சிருப்பினம், வருசக்கணக்கா சேத்துக்க கிடந்தும் அடிச்சா வெடிக்கும். கிணத்துக்க போட்டா குடிக்கிற தண்ணியையும் கெடுத்து, பேந்து கிணறு இறைக்க இறங்கிறவனுக்கும் வினை வைச்சதாப் போகும். மண்ணெண்ணையிலயோ எண்ணெயிலயோ ஊறவைக்கிறதையும் நம்பேலாது. ஏற்கெனவே வாளிக்க போட்டிட்டியளெண்டா வெளிய எடுக்காமல், தண்ணியை ஊத்தாமல் அப்பிடியே விட்டிட்டுச் சொல்லுங்கோ. பழைய இரும்போட சேத்து வித்திட்டியளோ, வெக்கப்படாமல் வாங்கினவருக்கு உடன கோல் எடுங்கோ, அவர் அதைச் சுத்தியலால அடிக்க முதல்.

ரவையைக் கழட்டித் திறப்புக்குக் கொழுவுற கீ டாக் செய்யிற கதை வேற. ரொறன்ரோவில இருந்து வந்த மச்சான் ஒருத்தர் அங்க லைசன்ஸ் எடுத்துச் சுடுறவர், சுட்ட கோதுக்கு வீட்டில தானே திரும்ப வெடிமருந்து அடைக்கிறவர், அவரிட்ட எங்கட சின்னவன் "இதைக் கழட்டித் தாங்கோ" எண்டு கேட்டான். மச்சான் சொன்னது: "அங்க நான் பிழையா அடைச்சிட்டா கழட்டச் சுத்தியல் மாதிரி ஒரு சாமான் இருக்கு, தட்டினா சன்னம் வெளிய வரும். ஆனா அது நானே அடைச்சது தம்பி, என்ன மருந்து, எத்தினை கிரெய்ன் நிறை எண்டு கொப்பியில எழுதியிருக்கு. இதுக்கு ஆர் கொப்பி வைச்சிருக்கினம்?" சிலதின்ர மூக்கில பச்சை, சிவப்பு நிறம் பூசியிருக்கும், அது நெருப்புப் பிடிக்கிற சாமான் உள்ளுக்க வைச்ச ரவையாவும் இருக்கலாம், அதைத் தன்ர சுத்தியலுக்க வைக்கவே மாட்டன் எண்டும் சொன்னார். குறட்டால பிடிச்சுத் திருக ஏற்கெனவே தொடங்கியிருந்தா பாதியில நிப்பாட்டுங்கோ. சன்னம் ஆடுது, மருந்து கொட்டுண்ணுது எண்டா கூட்டி அள்ள வேண்டாம், விளக்கும் சிகரெட்டும் கிட்ட வரக்கூடாது. கோது வெறுமையாத்தானே இருக்கு எண்டு சூட்கேசுக்க போட்டுக்கொண்டு பலாலிக்கோ கட்டுநாயக்காவுக்கோ போகாதேங்கோ, ஸ்கான்ல பிடிபட்டா பிளேன் போயிடும், நீங்கள் நிப்பியள்.

அலவாங்கு எதிலயோ 'டங்' எண்டு பட்டா வேற ஆட்டம். ரவை எண்டு நினைக்காதேங்கோ, வால் தெரிஞ்சா மோட்டார் செல், பச்சை பிளாஸ்ரிக் மூடியோ உக்கின பலகைப் பெட்டியோ எண்டா மிதிவெடி, புலியளின்ர ஜொனி மிதிவெடி பலகையிலதானே செய்தது. அலவாங்கை அங்கயே விடுங்கோ, பிடுங்க வேண்டாம், ஜேசிபிக்காரர் எண்டா வாளியை அப்பிடியே நிப்பாட்டிப்போட்டு இறங்கி, வந்த சில்லுத்தடத்தாலயே வெளிய வரட்டும். முகமாலை, கிளாலிப் பக்கம் சிவப்புத் தலைக் குச்சி அடிச்சு மிதிவெடி எடுக்கிற பொம்பிளைப் பிள்ளையள் குந்தியிருந்து சாண் சாணாக் கிளறினதைப் பாத்தவைக்கு விளங்கும், அது உடுப்பும் முகமூடியும் போட்டுப் பழகி எடுத்தவையின்ர வேலை. யுத்தம் முடிஞ்சது 2009, முகமாலையில அதுக்குப் பிறகும் எத்தினை வருசம் கிளறினவை எண்டு பாருங்கோ.

பிள்ளையள் கொண்டந்தா முதல்ல ஏசாதேங்கோ. ஏசினா அடுத்ததை ஒளிச்சு வைப்பினம். "கெட்டிக்காரன், வந்து சொன்னாய், எங்க கிடந்தது, மிச்சம் ஆரிட்ட இருக்கு" எண்டு ஆறுதலாக் கேளுங்கோ, மிச்சம் கட்டாயம் ஒரு கூட்டாளியின்ர காற்சட்டைப் பையுக்க இருக்கும்.

வெடிச்சுக் காயம் வந்திட்டா 1990 எண்ட நம்பருக்கு அடிச்சு அம்புலன்ஸ் எடுங்கோ, துணியால இறுக்கி அமத்திப் பிடியுங்கோ. கோப்பித் தூள், மஞ்சள் ஒண்டும் வேண்டாம், ஏறிக்கிடக்கிற துண்டை இழுக்கவும் வேண்டாம், கண்ணெண்டா அமத்தாமல் மூடிக் கொண்டு போங்கோ.

எங்கட காணியில அண்டைக்கு மூண்டு வெடிச்சது, சாம்பலுக்க இருந்து அழிக்க வந்தவை எடுத்தது பதினொண்டு. காணி முழுக்கப் பாத்து முடியும்வரை அந்த மூலையில மண்வெட்டி வைக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவை, மாமா அதில வாழை வைக்கிறதெண்டு குட்டியும் வாங்கி வந்து சாக்குப் போட்டு மூடி வைச்சிருந்தார், அது முன் விறாந்தையிலேயே குருத்து விட்டிட்டுது.