பீங்கான் உரிந்து வரும் கேப்: குற்றம் பல்லிலா, லேப் மேசையிலா?

பல்லின் மேல் மாட்டும், உள்ளே உலோகமும் வெளியே பீங்கானும் கொண்ட கேப் ஒன்று பொருத்திய ஆறே மாதத்தில் பீங்கான் பெயர்ந்து திரும்பி வந்தால், அதைச் செய்த லேபில் எழும் முதல் பேச்சு "பேஷண்ட் எலும்பைக் கடித்திருப்பார்" என்பதுதான். இருக்கலாம். ஆனால் பெயர்ந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். உலோகத்தின் மேல் வெள்ளை ஒபேக் (உலோகத்தின் கருமையை மறைக்கும் அடிப்பூச்சு) இன்னும் அப்பியிருந்தால் பிணைப்பு தாங்கியிருக்கிறது, பீங்கான்தான் தனக்குள் உடைந்திருக்கிறது. உலோகம் துடைத்து வைத்ததுபோல் தெரிந்தால், சாரி, தப்பு நம்முடையது.

பெரும்பாலும் அந்தத் தப்பு பீங்கானைச் சுடும் ஃபர்னஸுக்குப் போகும் முன்பே நடந்து முடிந்திருக்கும். உலோகத்தின் மேல் 50 மைக்ரான் அலுமினாத் துகளை வீசி அழகாக சாண்ட்பிளாஸ்ட் செய்துவிட்டு, "நல்லா வந்திருக்கா" என்று விரலால் தடவிப் பார்ப்போம். அந்த ஒரு தடவலின் எண்ணெய்ப் பிசுக்கு போதும், சூட்டில் குமிழியாகக் கிளம்ப. ஸ்டீம் அடித்த பிறகு ஃபோர்செப்ஸால் மட்டும் பிடியுங்கள். துகளை வீசக் காற்று தரும் கம்ப்ரஸரில் தேங்கும் தண்ணீரும் எண்ணெயும் இதே வேலையைச் செய்யும். அதை எத்தனை லேபில் தினமும் வடிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

அடுத்தது ஆக்சைடு. உலோகத்தையும் பீங்கானையும் சேர்ப்பது நடுவிலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம். தங்கக் கலவையில் அது தானாக வராது என்பதால்தான் தகரமும் இண்டியமும் சேர்க்கிறார்கள். நிக்கல்-குரோம் கலவையில் பிரச்சினை நேர்எதிர்: தேவைக்கு மேல் வரும். தடித்த படலம் தானே பிளந்து, மேலுள்ள பீங்கானோடு கழன்றுவிடும். எவ்வளவு சுட வேண்டும், சுட்டபின் படலத்தை சாண்ட்பிளாஸ்டால் அடித்து எடுக்க வேண்டுமா என்பது கலவைக்குக் கலவை மாறும். பெட்டிக்குள் வரும் தாளைப் படித்துவிடுங்கள். பழைய காஸ்டிங் (உலோக வார்ப்பு) மிச்சத்தைத் திரும்பத் திரும்ப உருக்கினாலும் ஆக்சைடு தரும் தனிமங்கள் குறைந்துபோகும்.

முதல் ஒபேக் பூச்சை மெல்லிசாக, அழுத்தித் தேய்த்துப் பூசுங்கள். ஒரே பூச்சில் கருமையை மறைக்கப் பார்த்தால் அடியில் பிடிப்பு இருக்காது.

பீங்கான் பொடி மாறிப்போவதும் நடக்கிறது. நிக்கல்-குரோம் சூடு ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 10 லட்சத்தில் சுமார் 14 பங்கு விரியும். பீங்கான் அதைவிடச் சற்றே குறைவாக விரிய வேண்டும். அப்போதுதான் ஆறும்போது உலோகம் பீங்கானை இறுக்கிப் பிடிக்கும். உலோகத்துக்குப் பதில் உள்ளே வைக்கும் வெள்ளைச் செராமிக்கான ஜிர்கோனியாவுக்குரிய பொடி 10 பங்கை ஒட்டியே விரியும். அதை இதில் பூசினால் ஆறும்போதே விரிசல் கேட்கும்.

இத்தனையும் சரியாகச் செய்து, பிணைப்பு இதற்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 9693 கேட்கும் 25 மெகாபாஸ்கலைத் தாண்டினாலும், கோப்பிங்கை (உள்ளே இருக்கும் உலோக ஓட்டை) 0.3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்த்திருந்தால் கடிக்கும்போது உலோகம் வளையும். பீங்கானுக்கு வளையத் தெரியாது.